அதிபரின் செல்வாக்கு சரிந்தால் நாடாளுமன்றம் கைமாறுமா? 2026 அமெரிக்க இடைக்காலத் தேர்தல்

வாக்குச்சீட்டு:

வாரத்துக்கு ஒரு கருத்துக்கணிப்பு வருகிறது. 'ட்ரம்ப் ஆதரவு சரிந்தது' என்று ஒரு நாள், 'மீண்டும் ஏறியது' என்று மறுநாள். நம் சேனல்களும் அதை எடுத்துப் போட்டு 'ட்ரம்ப் கதை முடிந்தது' என்று தலைப்பு வைக்கிறார்கள். 2026 நவம்பர் 3 அன்று நடப்பது இடைக்காலத் தேர்தல், அதாவது அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பது; அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே இருக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டின் 35 இடங்களுக்கும் தேர்தல். கூடவே பல மாநிலங்களில் ஆளுநர் தேர்தல். அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. 'அதிபர் தன் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா?' என்று கேலப் நிறுவனம் ட்ரூமன் காலத்துக்கு முன்பிருந்தே கேட்டு வந்திருக்கிறது. அந்தப் பழைய கணக்கைப் பாருங்கள். 1994இல் கிளின்டனுக்கு 46 சதவீதம், அவர் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. நாற்பது வருடம் கையில் இருந்த சபை போனது. 2006இல் புஷ்ஷுக்கு 38, இழப்பு 30. 2010இல் ஒபாமாவுக்கு 45, இழப்பு 63. 2018இல் ட்ரம்புக்கு 40, இழப்பும் 40. மறுபக்கம் 1998இல் கிளின்டனுக்கு 66 சதவீதம் இருந்தபோது கட்சிக்கு 5 இடம் கூடியது. 2002இல் புஷ் அறுபதைத் தாண்டி நின்றார், 8 இடம் கூடியது. 1934க்குப் பிறகு இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் இடம் கூடியது இந்த இரண்டு முறைதான்.

என் கருத்து இது: ஆதரவு எண் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லும். எத்தனை மரம் விழும் என்பதைத் தொகுதி வரைபடமும், அந்த வருடம் எந்தெந்த மாநிலத்தில் செனட் தேர்தல் என்பதும்தான் முடிவு செய்யும். அதிபரைப் பிடிக்காமல் போடுகிற ஓட்டு எதிர்க்கட்சியைப் பிடித்துப் போட்ட ஓட்டும் ஆகாது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நெல்லைச்சீமை:

அண்ணா, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணிப்புகளை எந்த நம்பிக்கையில் எடுத்துக்கொள்வது? 2016இல் ஹிலாரி என்றார்கள். 2020இல் பைடன் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்றார்கள், சில மாநிலங்களில் நூலிழையில் தப்பித்தார். 2024இலும் ட்ரம்பைக் குறைத்தே காட்டினார்கள். மூன்று முறையும் ஒரே பக்கம் பிழை. அப்படியிருக்க, அவருக்கு இப்போது ஆதரவு இவ்வளவுதான் என்று அதே ஆட்கள் சொன்னால் எப்படி நம்புவது?

கணக்குவாத்தியார்:

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், போனை எடுப்பவர்களே குறைந்துவிட்டார்கள். பியூ நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, 1997இல் நூறு பேரை அழைத்தால் 36 பேர் பதில் சொன்னார்கள். 2018இல் 6 பேர். மீதி 94 பேரும் இந்த 6 பேரைப் போலத்தான் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் எல்லாக் கணக்கும் நடக்கிறது. வயது, இனம், படிப்பு பார்த்து எடை போட்டுச் சரிசெய்கிறார்கள். ஆனால் அரசியலையும் பத்திரிகையையும் நம்பாதவர் போனையே எடுப்பதில்லை. அவர்களில் பலர் ட்ரம்ப் ஓட்டு. 2020 தேசியக் கணிப்புகளில் நாற்பது ஆண்டுகளில் இல்லாத பிழை வந்ததாக அந்தத் துறையின் சங்கமே ஆய்வு செய்து சொன்னது.

அடுத்தது முக்கியமானது. ட்ரம்ப் பெயர் சீட்டில் இருந்த மூன்று தேர்தல்களில்தான் இந்தப் பிழை பெரிதாக வந்தது. 2018, 2022 இடைக்காலத் தேர்தல்களில் கணிப்புகள் நன்றாகவே பொருந்தின. எப்போதாவது வந்து ட்ரம்புக்கு மட்டும் ஓட்டுப் போடுகிறவர் இடைக்காலத் தேர்தலில் வீட்டில் இருந்துவிடுகிறார்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேட்டது யாரை? சில நிறுவனங்கள் வயது வந்த எல்லோரையும் கேட்கின்றன, சில பதிவு செய்த வாக்காளர்களை மட்டும், சில கட்டாயம் ஓட்டுப் போடுவார் என்று தோன்றுகிறவர்களை மட்டும். ஒரே வாரத்தில் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நான்கைந்து புள்ளி வித்தியாசம் வர இதுவே போதும். ஒரு நிறுவனத்தின் இந்த மாத எண்ணை அதே நிறுவனத்தின் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்றின் எண்ணை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து 'சரிந்தது' என்று எழுதுவது தப்பு.

எடிசன்வாசி:

சார் சொன்னதை நான் நேரிலேயே பார்த்தேன். 2025 ஆளுநர் தேர்தலுக்கு எங்கள் நியூஜெர்சியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மிக்கி ஷெரிலுக்காக வீடு வீடாகப் போனோம். யாரும் ட்ரம்பைப் பற்றி முதலில் பேசவில்லை. கதவைத் திறந்தவுடன் கரண்ட் பில். ஒரு வீட்டில் அந்தக் குஜராத்தி அம்மா உள்ளே போய் மே மாத பில்லையும் ஜூலை மாத பில்லையும் எடுத்து வந்து, இரண்டையும் கதவில் ஒட்டவைத்துப் பிடித்துக் காட்டினார். 'இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்' என்றார். ஷெரில் அதைத்தான் பிரசாரமாகவே வைத்திருந்தார்: முதல் நாளே அவசரநிலை அறிவித்து மின்கட்டண உயர்வை நிறுத்துவேன் என்று. பில்லைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் பலரும் வாஷிங்டன் பக்கம் வருவார்கள்.

முடிவைப் பாருங்கள். குடியரசுக் கட்சியின் சியாட்டரெல்லி 2021இலும் நின்றார், மூன்று புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றார். 2024இல் கமலா ஹாரிஸ் இங்கே ஆறு புள்ளியில்தான் ஜெயித்தார், நியூஜெர்சியே கைநழுவிப் போகிறது என்று எல்லோரும் எழுதினார்கள். 2025இல் அதே சியாட்டரெல்லி பதின்மூன்று புள்ளிக்கு மேல் தோற்றார். 2024இல் ட்ரம்ப் பக்கம் போன பசேயிக் கவுன்டி திரும்பி வந்தது. லத்தீன் மக்கள் நிறைய வாழும் இடம் அது. வேட்பாளர் அவரேதான், மாநிலம் அதேதான். மாறியது வெள்ளை மாளிகையில் யார் என்பதுதான். இதைவிட ஆதரவு எண் வேலை செய்வதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

நெல்லைச்சீமை:

அக்கா, நியூஜெர்சி எப்போதும் ஜனநாயகக் கட்சி மாநிலம்தானே. அதை வைத்து நாட்டையே கணிப்பது சரியா? அந்தக் கட்சிக்கும் செல்வாக்கு ஒன்றும் இல்லை. 2025 மார்ச்சில் சிஎன்என் எடுத்த கணிப்பில் ஜனநாயகக் கட்சியை நல்லவிதமாகப் பார்ப்பவர்கள் 29 சதவீதம்தான். அவர்களே எடுத்ததில் அதுதான் அடிமட்டம். ஆளுங்கட்சியும் பிடிக்கவில்லை, எதிர்க்கட்சியும் பிடிக்கவில்லை என்றால் மக்கள் ஏன் ஆட்சியை மாற்றப் போகிறார்கள்?

வாக்குச்சீட்டு:

நெல்லைச்சீமை தம்பி, அந்த 29இல் ஒரு நுட்பம் இருக்கிறது. தங்கள் கட்சி போதுமான அளவு சண்டை போடவில்லை என்ற கோபத்தில் 'பிடிக்கவில்லை' என்று சொன்ன ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதில் நிறைய. அவர்கள் நவம்பரில் யாருக்குப் போடுவார்கள் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. இரண்டு கட்சியையும் வெறுப்பவர்கள் இடைக்காலத் தேர்தலில் பெரும்பாலும் ஆட்சியில் இருப்பவரைத்தான் தண்டிக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் தொட்ட விஷயம் பெரியது. அதற்கு ட்ரூமன் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை.

1945 ஜூனில், ஜெர்மனி சரணடைந்த கையோடு, ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமனுக்கு 87 சதவீதம். போர் முடிந்து ஒரு வருடத்தில் எல்லாம் தலைகீழ். ரயில்வே, நிலக்கரி, எஃகு என்று வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தம். விலைக் கட்டுப்பாட்டை எடுத்தால் விலை ஏறுகிறது, திரும்பப் போட்டால் கடையில் இறைச்சியே கிடைப்பதில்லை. குடியரசுக் கட்சி இரண்டே சொற்களில் பிரசாரம் செய்தது: 'போதுமா மக்களே?' 1946 நவம்பரில் ட்ரூமனின் ஆதரவு முப்பதுகளில் கிடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் போயின, இரண்டு சபையும் போயின. அவருடைய சொந்தக் கட்சி செனட்டரான ஃபுல்பிரைட், ட்ரூமன் ராஜினாமா செய்து குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரிடம் பதவியை ஒப்படைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். சொந்தக் கட்சி ஆள்!

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். புதிய நாடாளுமன்றம் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை அவர் வீட்டோவையும் (அதிபரின் மறுப்பு அதிகாரம்) மீறி நிறைவேற்றியது. 1948 அதிபர் தேர்தலில் ட்ரூமன் ரயிலேறி ஊர் ஊராகப் போய், எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் டூயியைவிட அந்த நாடாளுமன்றத்தையே அதிகம் திட்டினார். அந்த வசந்த காலத்தில் அவர் ஆதரவு நாற்பதைக்கூடத் தொடவில்லை. கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் தேர்தலுக்குச் சில வாரம் முன்பே, முடிவு தெரிந்துவிட்டது என்று கணிப்பை நிறுத்திக்கொண்டன. ஒரு சிகாகோ பத்திரிகை டூயி வென்றதாகவே அச்சடித்துவிட்டது. முடிவில் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்கு, டூயிக்கு 189. இரண்டு சபையும் ஜனநாயகக் கட்சிக்கே திரும்பி வந்தன.

1946இல் சபையைப் பிடித்தவர்கள், மக்கள் தங்களை விரும்பித்தான் கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் மக்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1994, 2010 தேர்தல்களில் அவ்வளவு அடி வாங்கிய கிளின்டனும் ஒபாமாவும் அடுத்த இரண்டு வருடத்தில் மறுபடி அதிபர் ஆனார்கள். ட்ரம்ப் 2028இல் நிற்க முடியாது, ஒருவரை இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 22வது திருத்தம் இருக்கிறது. ஆகவே இந்த முறை அந்த ஏற்ற இறக்கத்தின் கணக்கைத் தீர்க்கப் போவது அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள்.

கணக்குவாத்தியார்:

ட்ரூமன் கதை அருமை. நான் வரைபடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பழைய எண்களை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது.

2010இல் 63 இடம் போனதற்கு ஒபாமாவின் 45 மட்டும் காரணமில்லை. 2006, 2008 இரண்டு தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி எதிரியின் கோட்டைகளுக்குள் போய் ஜெயித்திருந்தது. கடன் வாங்கிய இடங்கள் அவை, திரும்பிப் போயின. 2018இல், ஹிலாரி ஜெயித்த தொகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

இப்போது? 2024 முடிவில் ஹாரிஸ் ஜெயித்த தொகுதிகளில் இருக்கும் குடியரசுக் கட்சிக்காரர்கள் மூன்றே பேர். ட்ரம்ப் ஜெயித்த தொகுதிகளில் இருக்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 13 பேர். விழுவதற்கு எளிதான இடம் மிகக் குறைவு. ஆனால் 2024இல் சபை 220-215 என்று முடிந்தது, எதிர்க்கட்சிக்கு நிகரமாக மூன்று இடம் கூடினால் போதும். அயோவா, கொலராடோ, பென்சில்வேனியாவில் மிக நெருக்கமாக முடிந்த மூன்று தொகுதிகளின் வித்தியாசத்தைக் கூட்டினால் ஏழாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான். அயோவாவின் அந்த உறுப்பினர் 2020இல் ஏறக்குறைய நான்கு லட்சம் ஓட்டில் 6 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். ஆறாயிரம் இல்லை, ஆறு.

இதற்கு நடுவே தொகுதி எல்லை வரைபடத்தையே மாற்றுகிறார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு செய்ய வேண்டியதை டெக்சாஸ் 2025 ஆகஸ்டில், நடுவிலேயே செய்தது. ஐந்து இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கில். கலிபோர்னியா அதற்குப் பதிலாக நவம்பரில் மக்களிடமே ஓட்டு எடுத்து, தன் பக்கம் ஐந்து இடம் சாய்வது போல மாற்றிக்கொண்டது. மிசௌரியும் வடக்கு கரோலினாவும் குடியரசுக் கட்சிப் பக்கம் திருத்தின. இண்டியானாவில் குடியரசுக் கட்சியின் மாநில செனட்டர்களே பலர் சேர்ந்து டிசம்பரில் மறுத்துவிட்டார்கள். வெள்ளை மாளிகையின் அழுத்தத்தை மீறி அப்படி ஓட்டுப் போட நெஞ்சுரம் வேண்டும், அவர்களை நான் மதிக்கிறேன். எந்தக் கட்சி செய்தாலும் இது வாக்காளரை ஏமாற்றும் வேலை. மக்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் பிரதிநிதி மக்களைத் தேர்ந்தெடுக்கிறார்.

நொய்யல்:

நான் திருப்பூர். இந்த விவாதத்தை ஆர்வமாகப் படிக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு ட்ரம்ப் 50 சதவீத வரி போட்டபோது எங்கள் யூனிட்டில் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்கி வைத்த சரக்கை 'அனுப்பாதீர்கள், பொறுங்கள்' என்று அங்கிருந்து மெயில் வந்தது. பெட்டியில் விலைச்சீட்டு டாலரில் ஒட்டியாகிவிட்டது, உள்ளூரில் விற்கவும் முடியாது. செக்கிங்கில் இருந்த பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

எனக்கு ஒரே கேள்விதான். நவம்பரில் சபை கைமாறினால் அதிபர் இப்படி ஒரே கையெழுத்தில் வரி போடுவது நிற்குமா?

வாக்குச்சீட்டு:

நொய்யல் அண்ணா, பொய்யான நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. உடனே நிற்காது.

அரசியல் சாசனப்படி வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். பல பத்தாண்டுகளாகச் சட்டங்கள் மூலம் அதில் ஒரு பங்கை அவர்களே அதிபரிடம் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வாங்க வேண்டுமானால் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தை அதிபர் வீட்டோ செய்வார். அதை முறியடிக்க இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது எந்தக் கட்சிக்கும் எட்டாத உயரம். 2025 அக்டோபரில் பிரேசில் மீதான வரியை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானம், குடியரசுக் கட்சியினர் சிலரும் சேர்ந்து செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபைத் தலைமை அதை எடுத்துக்கொள்ளவில்லை. சபை கைமாறினால் அந்தக் கதவாவது திறக்கும். ஓட்டெடுப்பு நடக்கும், ஒவ்வோர் உறுப்பினரும் எந்தப் பக்கம் என்று பதிவாகும். அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது.

மாறுவது வேறு இடத்தில். குழுத் தலைவர்கள் மாறுவார்கள், அமைச்சர்களுக்கு ஆணை அனுப்பி ஆவணங்களைக் கேட்க முடியும், விசாரணை நடக்கும், செலவு மசோதாக்களில் பேரம் பேச முடியும். 2025இல் அரசு 43 நாள் முடங்கிக் கிடந்ததே, அந்தப் பேரம் எப்படி இருக்கும் என்று எல்லோரும் பார்த்தோம்.

நீண்ட காலப் பலன் செனட்டில்தான். 2014இல் ஒபாமா கட்சி 9 செனட் இடங்களை இழந்தபோது அன்று அது பெரிதாகத் தெரியவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா காலமானார். ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார், அதற்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். செனட் விசாரணைக்கே எடுக்கவில்லை. அந்த நாற்காலியில் பிறகு ட்ரம்ப் நியமித்தவர் உட்கார்ந்தார். 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு மாறியதன் வேர் அந்த 2014இல் கிடக்கிறது. அந்த வருடம் ஓட்டுப் போட வந்தவர்கள் 37 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அவ்வளவு குறைவாக வந்ததில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

எடிசன்வாசி:

செனட்டும் கைக்கு வரும் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரே உற்சாகமாகப் பேசுகிறார்கள். வரலாம்தானே?

கணக்குவாத்தியார்:

கடினம் அம்மா. இப்போது குடியரசுக் கட்சிக்கு 53, எதிரணிக்கு 47. துணை அதிபர் வான்ஸ் சமநிலையை உடைப்பார் என்பதால் நான்கு இடம் கூட வேண்டும். ஹாரிஸ் ஜெயித்த மாநிலத்தில் இருக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் இந்த முறை ஒருவர்தான், மெய்னில் சூசன் காலின்ஸ். அவர் 2020இலும் கணிப்புகளைப் பொய்யாக்கியவர். வடக்கு கரோலினாவில் குடியரசுக் கட்சி செனட்டர் டில்லிஸ் இந்த முறை நிற்கவில்லை, ஜனநாயகக் கட்சியின் முன்னாள் ஆளுநர் ராய் கூப்பர் களத்தில் இருக்கிறார், அது நல்ல வாய்ப்பு. அதற்கப்புறம் ஒஹையோ, அயோவா, டெக்சாஸ், அலாஸ்கா, ஃப்ளோரிடா என்று ட்ரம்ப் பத்துப் புள்ளிக்கு மேல் ஜெயித்த இடங்களில் இரண்டைப் பிடிக்க வேண்டும். ஒஹையோவில் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் செனட்டர் ஷெராட் பிரவுன் நிற்பது ஒரு தெம்பு. கூடவே ஜார்ஜியாவையும் மிச்சிகனையும் காப்பாற்ற வேண்டும், இரண்டுமே 2024இல் ட்ரம்ப் பக்கம் போனவை.

2018ஐ நினைத்துப் பாருங்கள். சபையில் 40 இடம் பிடித்த அதே இரவில் செனட்டில் இண்டியானா, மிசௌரி, வடக்கு டகோட்டா, ஃப்ளோரிடா நான்கும் போயின. அதிபரின் ஆதரவு நாடு முழுக்க 40 என்றால் வடக்கு டகோட்டாவில் அது 40 இல்லை. தேசிய எண்ணைப் பார்த்து செனட்டைக் கணிக்காதீர்கள், அந்தந்த மாநில எண்ணைத் தேடிப் பாருங்கள்.

நெல்லைச்சீமை:

சரி சார், இது புரிகிறது. 2022இல் பைடனுக்கும் 40தான், ஆனால் 9 இடம்தான் போனது, செனட்டில் ஒன்று கூடவும் செய்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முறை அந்த 40ஐ வைத்து நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

வாக்குச்சீட்டு:

2022ஐ எடுத்தது நல்லது. அந்த ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதம், பைடன் கட்சி துடைத்தெறியப்படும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதே மாதக் கடைசியில் கருக்கலைப்புத் தீர்ப்பு வந்தது. பைடனை ஏற்கவில்லை, ஆனால் ரொம்பக் கோபமும் இல்லை என்றிருந்தவர்களில் பலர் அவர் கட்சிக்கே போட்டார்கள். பென்சில்வேனியா, ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சி நிறுத்திய பலவீனமான வேட்பாளர்களும் அதற்கு உதவினார்கள். அதனால்தான் நான் மொத்த எண்ணைவிட 'அறவே ஏற்கவில்லை' என்பவர்களையும், கட்சி சாராதவர்களின் எண்ணையும் தனியாகப் பார்க்கிறேன். ஐசனோவரை ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். ட்ரம்பை ஏற்பவர்கள் அந்தப் பக்கம் ஒற்றை இலக்கம். இரண்டு கட்சியும் இறுகிவிட்டதால் அசைவது நடுவில் இருப்பவர்கள் மட்டும்தான்.

புதுக்குடியுரிமை:

இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் மன்னிக்கவும். எனக்கும் கணவருக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது, நியூஜெர்சியில் இருக்கிறோம். மாமியாருக்கு கிரீன் கார்டு. நாங்கள் நவம்பரில் ஓட்டுப் போட என்ன செய்ய வேண்டும்?

எடிசன்வாசி:

சம்பந்தம் இல்லாமல் என்ன, இதுதான் முக்கியமான கேள்வி! நியூஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்புவரை பதிவு செய்யலாம், அதாவது அக்டோபர் 13. மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்திலேயே செய்யலாம், கவுன்டி அலுவலகத்திலும் படிவம் தருவார்கள். பதிவு செய்த பிறகு அதே தளத்தில் உங்கள் பெயரும் முகவரியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நம் பெயர்களை முதல் பெயர், குடும்பப் பெயர் மாற்றிப் பதிந்துவிடுகிறார்கள். மாமியார் கிரீன் கார்டில் இருக்கும்வரை ஓட்டுப் போடவே கூடாது, பதிவும் செய்யக் கூடாது. யாராவது படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட விடாதீர்கள், பிற்பாடு குடியுரிமைக்கே சிக்கல் ஆகிவிடும். ஏதாவது தடங்கல் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.